வரத்துக்கால் இல்லாத கண்மாய்

முப்பது வருடத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் கண்மாய் கண்மாயாக அலைந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த நீர்நிலையைக் கண்டாலும் நீர் வரும் வரத்துக்கால் எந்தப் பக்கம், பாசன மடை எத்தனை, மிகுநீர் வழியும் கலிங்கு எங்கே என்று கண் தானாகத் தேடும். சிவகங்கைச் சீமையில் இந்த மூன்றும் இல்லாமல் கண்மாய் கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில், என் மகள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது. கரையைச் சுற்றி நடைபாதை, ஓரத்தில் பேரீச்சை மரங்கள், நடுவில் பீய்ச்சியடிக்கும் ஊற்று, கும்பல் கும்பலாக வாத்துகள். ஒரு சுற்று முழுக்க நடந்து பார்த்தேன். வரத்துக்காலைக் காணோம்.

“மாப்பிள்ளை, இதுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

“நம்ம வீட்டுலேருந்துதான் மாமா,” என்றார் சிரிக்காமல். “குளிக்கிறது, பாத்திரம் கழுவுறது, பாத்ரூம்ல போறது எல்லாம்தான். சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்புறாங்க.”

மாப்பிள்ளைக்கு விளையாட்டுப் பேச்சு உண்டு என்பதால் நான் முழுக்க நம்பவில்லை. மறுநாள் காலை நடையில் சாட்சி கிடைத்தது. கரையோரப் புல்லுக்குள் ஊதா நிறப் பிளாஸ்டிக் மூடிகள். வால்வுக் குழிகள் அவை. இந்த நாட்டில் ஊதாக் குழாய் என்றால் சுத்திகரித்த கழிவுநீர். பக்கத்திலேயே ஒரு பலகை: இந்த நீரைக் குடிக்காதீர்கள், இதில் நீந்தாதீர்கள். ஆக வரத்துக்கால் தரைக்கு அடியில் ஓடுகிறது. சாண்ட்லர் நகராட்சி தன் கழிவுநீரைச் சுத்திகரித்து அத்தனையையும் மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்குகிறது, ஒரு பங்கு இப்படி ஏரிக்கும் பூங்காவுக்கும் போகிறது.

வறட்சி எனக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு ரகம். ஃபீனிக்ஸில் ஆண்டு மழை ஏழெட்டு அங்குலம். வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய எங்கள் ஊரிலேயே அதைப்போல நாலு மடங்கு பெய்யும். 2023 கோடையில் இங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். இந்த அனலில் சுற்றுவட்டாரம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

திறந்துகிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து வருடத்துக்குச் சுமார் ஆறடித் தண்ணீர் ஆவியாகிறது. மழையால் வரவு ஏழெட்டு அங்குலம், வெயிலால் செலவு ஆறடி. இந்த ஊரார் தண்ணீரை ஏக்கர்-அடியில் அளக்கிறார்கள். ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் அது. 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர் வரும். மூன்று குடும்பத்துக்கு ஒரு வருடம் போதும் என்பது உள்ளூர்க் கணக்கு. அப்படியென்றால் ஒரு ஏக்கர் ஏரி, பதினெட்டுக் குடும்பம் புழங்கும் தண்ணீரை ஒவ்வொரு வருடமும் வானத்துக்கு அனுப்பிவிடுகிறது.

பிறகு எதற்கு ஏரி வெட்டினார்கள்? மனை விற்கத்தான். 1970களிலும் 80களிலும் பருத்தி வயலை வாங்கினார்கள். நடுவில் தோண்டி, தோண்டிய மண்ணைப் போட்டே மனைகளை மேடாக்கினார்கள். பள்ளத்தில் நீர் நிரப்பி, ஏரிக்கரை மனை என்று கூடுதல் விலை வைத்தார்கள். பல இடங்களில் நிரப்பியது நிலத்தடி நீர். ஏற்கெனவே விவசாயத்துக்கு இறைத்து இறைத்து நீர்மட்டம் அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1980ல் கவர்னர் புரூஸ் பாபிட் காலத்தில் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. ஃபீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளைத் தனி மண்டலங்களாக்கி, கிணற்றுக்கு அளவும் கணக்கும் வைத்தார்கள். புதிதாக வீட்டு மனை பிரித்து விற்பவர், அந்த மனைகளுக்கு 100 வருடத்துக்குத் தண்ணீர் உண்டு என்று நிரூபிக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் வந்ததுதான்.

1987ல் ஏரிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அந்த மண்டலங்களுக்குள் 12,320 சதுர அடிக்கு மேல் பரப்புள்ள அலங்கார ஏரியைப் புதிதாக வெட்டினால், அதில் நல்ல தண்ணீரை விடக் கூடாது. அந்தப் பரப்பு நம் ஊர் அளவில் ஐந்து கிரவுண்டு சொச்சம். சுத்திகரித்த கழிவுநீர் என்றால் விடலாம். பொதுமக்களுக்கான பூங்கா ஏரி, சட்டத்துக்கு முன்பே இருந்த ஏரி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. வெட்டாதே என்று உத்தரவு போட்டிருந்தால் எவனாவது ஓட்டை கண்டுபிடித்திருப்பான். எந்தத் தண்ணீரை விடப்போகிறாய் என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த குடியிருப்புகளில் ஏரியும் ஊதாக் குழாயும் ஜோடியாகவே வந்தன.

மகள் வீட்டு ஏரியைப் பராமரிக்கும் ஆள் வாரத்துக்கொரு முறை சின்னத் தட்டைப் படகில் வருவார். நான் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்டு அவரே பேச்சுக் கொடுத்தார். நானும் கண்மாய் பார்த்தவன் என்று தெரிந்ததும் தொழில்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டார். கயிற்றில் கட்டிய ஒரு தட்டைத் தண்ணீரில் இறக்கினார். கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசிய, சாப்பாட்டுத் தட்டளவு உள்ள வட்டம். அது எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறதோ, அதை வைத்து நீரின் தெளிவைச் சொல்லிவிடலாம். அன்றைக்கு மூன்றடிக்குள் மறைந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கினார்.

சிக்கல் இதுதான். சுத்திகரித்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிச்சமிருக்கும். அந்த உரமும் இந்த வெயிலும் சேர்ந்தால் பாசி வராமல் என்ன செய்யும்? வெயிலை மறைக்க நீலச் சாயம் கரைக்கிறார்கள். ஏரி அத்தனை நீலமாக இருப்பதற்கு ஆகாயம் பாதிக் காரணம், பாட்டில் மீதிக் காரணம். அடியில் குழாய் போட்டுக் காற்று ஊதுகிறார்கள், ராத்திரியில் நீரில் பிராணவாயு குறைந்தால் மீன் செத்து மிதக்கும் என்பதால். மாலையில் கொசு மாதிரி ஒரு பூச்சி புகை புகையாகக் கிளம்பும். கடிக்காது, ஆனால் வாயைத் திறந்து பேச முடியாது. அதன் புழுவைத் தின்ன மீன் விடுகிறார்கள். களை தின்ன வெள்ளை அமூர் என்ற புல்கெண்டை. அதை விட அரசாங்க அனுமதி வேண்டும், மலட்டு மீனாகவும் இருக்க வேண்டும். தப்பித்து ஆற்றுக்குப் போய்ப் பெருகிவிடக் கூடாதே.

இதற்கெல்லாம் மேலே உப்பு. கொதிக்கும் ரசம் வற்ற வற்றக் கரிப்பு ஏறுகிற மாதிரிதான் பாலைவன ஏரியும். தண்ணீர் போகும், உப்பு போகாது. பத்தடி ஆழமுள்ள ஏரியில் வருடம் ஆறடி ஆவியாகி, அந்த இடத்தை அதே உப்புள்ள நீர் நிரப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குள் உப்பு இரட்டிப்பாகிவிடும். கலிங்கு இல்லாத ஏரியில் உப்பு வெளியேற வழி ஏது என்று அவரிடம் கேட்டேன். சுற்றியுள்ள புல்வெளியைக் கைகாட்டினார்.

அப்போதுதான் எனக்கு இந்த ஏரியின் சூட்சுமம் பிடிபட்டது. புதருக்குப் பின்னால் ஒரு பம்ப் அறை இருக்கிறது. இரவில் ஏரி நீரை உறிஞ்சி, குடியிருப்பின் பூங்கா, நடைபாதை ஓரம் என்று எல்லாப் புல்லுக்கும் தெளிக்கிறது. விட்ட இடத்தை ஊதாக் குழாய் நிரப்புகிறது. ஏரி வெறும் காட்சிப் பொருளாக இல்லாமல் ஒரு சேமிப்புத் தொட்டியாகவும் வேலை செய்கிறது. பகலெல்லாம் சீராக வரும் சுத்திகரித்த நீரை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் பாய்ச்சுகிறது. புல்தான் இதன் ஆயக்கட்டு. ஆயக்கட்டுக்குப் பாய்வதால்தான் ஏரி உப்பேறாமல் தப்பிக்கிறது.

காலை நடையில் எனக்கு ஒரு துணை உண்டு. மன்னார்குடிப் பக்கத்துத் தலைமையாசிரியர், ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க வந்திருக்கிறார். காவிரிக்காரர் என்பதால் தண்ணீர்ப் பேச்சில் சூடு அதிகம்.

“என்ன சொல்லுங்க சார், பாலைவனத்துல படகு விட்டு விளையாடறது அநியாயம்தான். இவ்வளவு பணம் இருந்தா மழையைக்கூட விலைக்கு வாங்குவான் போலிருக்கு.”

நியாயமான கோபம்தான். ஆனால் அவரிடம் ஒரு கணக்குச் சொன்னேன். இந்தக் குடியிருப்பு வருவதற்கு முன் இங்கே குதிரை மசால் (மாட்டுத் தீவனத்துக்காக வெட்ட வெட்ட வருடம் முழுக்கத் துளிர்க்கும் பயிர் அது) போட்டிருந்தால், ஏக்கருக்கு ஆறடித் தண்ணீர் குடித்திருக்கும். ஏரி ஆவியாக்கும் அளவேதான். பருத்திக்கு அதைவிடக் குறைவு, ஆனாலும் அதுவும் தண்ணீர் கேட்கும் பயிர்தான். இன்றைக்கும் அரிசோனாவின் தண்ணீரில் ஏறத்தாழ எழுபது சதவீதம் விவசாயத்துக்குத்தான் போகிறது. வயல்கள் வீடாக மாறியதும், வீடுகள் சிக்கனம் பழகியதும் சேர்ந்து, மக்கள்தொகை பல மடங்கு பெருகியும் மாநிலத்தின் மொத்த நீர்ச் செலவு 1957ல் இருந்ததைவிடக் குறைவு என்று அரசின் நீர்வளத் துறையே சொல்கிறது. விவசாயி வீட்டுப் பிள்ளையான எனக்கு இதைச் சொல்ல உவப்பாக இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

“அப்போ டெம்பி ஏரி?” என்றார். விடுவாரா?

பக்கத்து நகரமான டெம்பி விவகாரம் வேறுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கூட்டிக்கொண்டு போனாள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், சால்ட் ஆற்றின் படுகையிலேயே, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. துடுப்புப் படகுகள், மேலே ரயில் பாலம், கரையில் கண்ணாடிக் கட்டடங்கள். 1966ல் அந்தப் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவர்கள் போட்ட திட்டத்தில் முளைத்த யோசனை. காய்ந்து, ஜல்லி தோண்டிய குழியும் குப்பையுமாகக் கிடந்த ஆற்றை மறுபடி ஊரின் முகமாக்க வேண்டும் என்று நினைத்தார்கள். நிறைவேற 33 வருடம் ஆயிற்று. 1999ல் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். பரப்பு சுமார் 220 ஏக்கர். ஆறால் பெருக்கிக்கொள்ளுங்கள்: வருடம் 1,300 ஏக்கர்-அடிக்குமேல் ஆவியாகப் போகும். பொதுப் பூங்கா என்பதால் 1987 சட்டம் இதைத் தொடாது.

பொறியாளனாக எனக்கு அந்த அணைதான் சுவாரசியம். இந்த ஆறு வருடக்கணக்கில் சொட்டு நீர் இல்லாமல் கிடக்கும். மேலே மலையில் பனி உருகும்போது மழையும் சேர்ந்துகொண்டால் அடித்துப் பெயர்த்துக்கொண்டு வரும். 1980 பிப்ரவரி வெள்ளத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் இந்த ஆற்றைக் கடக்க இரண்டே பாலம்தான் மிஞ்சியது. ஆகவே நிரந்தரமாகச் சுவர் கட்டி மறித்தால் ஊருக்குள் வெள்ளம் ஏறிவிடும். மற்ற நாளில் நிமிர்ந்து நின்று நீரைப் பிடிக்கவும், வெள்ளம் வந்தால் தரையோடு படுத்துக்கொள்ளவும் தெரிந்த அணை வேண்டும். காற்றடைத்த ரப்பர் பைகளை வைத்தார்கள். மேற்குக் கடைசியில் ஒவ்வொரு பையும் 16 அடி உயரம்.

ரப்பருக்கும் பாலைவன வெயிலுக்கும் ஆகாது. மேலே எப்போதும் ஈரம் இருக்க வேண்டும், காய்ந்தால் வெடிப்பு விடும். 2010 ஜூலை 20 ராத்திரி ஒரு பை கிழிந்தது. நூறு கோடி காலன், அதாவது 380 கோடி லிட்டர் நீர், காய்ந்த ஆற்றில் பாய்ந்து போனது. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் காலையில் நகர மக்கள் வந்து பார்த்தபோது சேறும், அதில் துடிக்கும் மீனும்தான். அக்டோபருக்குள் புது ரப்பர் மாட்டி மறுபடி நிரப்பிவிட்டார்கள். 2016ல் அதை விட்டு, அடியில் கீல் வைத்து, எண்ணெய் அழுத்தத்தால் எழுந்து படுக்கும் எஃகுக் கதவுகளுக்கு மாறினார்கள். அவற்றின் அருகில் நின்று வெகுநேரம் பார்த்தேன். நம் ஊர் ஷட்டரில் துருவும் கிரீஸும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆற்று மணலில் ஏரி என்றால் கசிவு? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கவாட்டில் மண்ணுக்குள் களிமண் குழம்புச் சுவர் இறக்கியிருக்கிறார்கள். கீழே இறங்கும் நீரைக் கிணறு போட்டு இறைத்து மறுபடி ஏரியிலேயே விடுகிறார்கள். இவ்வளவு மெனக்கெட்டு வைத்திருக்கும் நீரின் பயன் படகும் காற்றும் கட்டட வாடகையும்தான். தலைமையாசிரியர் கட்சி இந்த இடத்தில் ஜெயிக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கரையில் குழந்தைகளும் கிழவர்களுமாக நடந்த கூட்டத்தைப் பார்த்தபோது, வீட்டு வேலிக்குள் அடைத்துவைக்கும் ஏரிக்கு இது எவ்வளவோ தேவலை என்றும் பட்டது.

சால்ட் ஆறு ஏன் காய்ந்தது? இயற்கையாகக் காயவில்லை. மேலே மலையில் 1911ல் கட்டிமுடித்த ரூஸ்வெல்ட் அணை நிற்கிறது. மேட்டூரில் முக்கால் பங்கு கொள்ளளவு. அதன் கீழே சங்கிலியாக இன்னும் மூன்று அணை. சமவெளிக்கு வரும் இடத்தில், 1908ல் கட்டிய கிரானைட் ரீஃப் தடுப்பணை, வருகிற நீரை முழுக்க இரு பக்கமும் கால்வாயில் திருப்பிவிடுகிறது. வெள்ளக் காலம் தவிர ஆற்றுக்கு மிச்சம் ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாட்டுக்குச் செலவழிக்க மத்திய அரசிடம் கடன் வாங்க, 1903ல் விவசாயிகள் சங்கம் சேர்த்துத் தங்கள் நிலத்தையே ஈடு வைத்தார்கள். அந்தச் சங்கம்தான் இன்றைக்குச் சால்ட் ரிவர் புராஜெக்ட் என்ற பெயரில் தண்ணீரும் மின்சாரமும் விற்கும் பெரிய அமைப்பு. அவர்களுடைய கால்வாய்களிலும் அதே வெள்ளை அமூர் மீன் களை தின்கிறது. குளிர்காலத்தில் கால்வாயைப் பகுதி பகுதியாக வற்றவிட்டுப் பழுது பார்ப்பார்கள். அதற்கு முன் வலை போட்டு மீன்களைப் பிடித்து, நீருள்ள பகுதிக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறார்கள். சம்பளமில்லாத வேலைக்காரர்களுக்கு அந்த மரியாதையாவது வேண்டும்.

பழைய குடியிருப்புகள் சிலவற்றில் இன்னமும் கால்வாய் நீர் வீட்டுத் தோட்டத்துக்கு முறைவைத்துப் பாய்கிறது. முறை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் எழுந்து போய் மடை திறக்க வேண்டியதுதான். கால்வாய் ஷட்டரைத் திறந்து முறைப்படி விடுகிறவருக்கு ஸாங்ஹேரோ என்று ஸ்பானியக் காலத்துப் பெயரையே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் நீர்பாய்ச்சியின் அண்ணன் தம்பி.

இந்தக் கால்வாய்களில் பல இன்னும் பழைய பாதையில்தான் ஓடுகின்றன. ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் மக்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல், ஏறத்தாழ 1450 வரை, இந்தப் பள்ளத்தாக்கில் பல நூறு மைல் கால்வாய் வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். மண்வெட்டி இல்லை, இழுக்க மாடு இல்லை. 1867ல் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அந்தத் தூர்ந்த வாய்க்கால்களைத் தூர்வாரித்தான் ஊரையே தொடங்கினார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் பழைய வாய்க்காலின் தடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். வாட்டம் பார்க்கும் கருவி இல்லாமல் இவ்வளவு தூரத்துக்கு நீரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாய்க்காலின் வாட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தேன்.

சால்ட் ஆறு மட்டும் 50 லட்சம் பேருக்குக் காணாது. மீதி கொலராடோவிலிருந்து வருகிறது. மாநிலத்தின் மேற்கெல்லையில், லேக் ஹவாசுவில் உறிஞ்சி, மொத்தம் 2,900 அடி உயரம் ஏற்றி, 336 மைல் திறந்த கால்வாயில் ஃபீனிக்ஸ் வழியாக டூசான் வரை கொண்டுபோகிறார்கள். 1973ல் தொடங்கி 1993ல் முடித்தார்கள். மாநிலத்தில் மின்சாரம் அதிகம் தின்னும் ஒற்றை ஆசாமி இந்தக் கால்வாய்தான்.

காவிரிக்காரருக்கு இந்தப் பகுதியை டி.எம்.சி.யில் சொன்னால்தான் உறைத்தது. 1922ல் ஏழு மாநிலங்கள் கொலராடோவைப் பங்கு பிரித்தன. அப்போது பார்த்த வருடங்கள் நல்ல மழைக் காலம். அதை நம்பிப் போட்ட பங்கும், 1944ல் மெக்சிகோவுக்கு ஒப்புக்கொண்டதும் சேர்த்தால் ஏறத்தாழ 720 டி.எம்.சி. 2000க்குப் பிறகு ஆற்றில் வருவது சராசரியாக 540 அளவுக்கே. பற்றாக்குறையை இத்தனை வருடம் தாங்கியது சேமிப்பு. பன்னிரண்டு மேட்டூர் கொள்ளும் லேக் மீட் நீர்த்தேக்கம் 2022 ஜூலையில் கால்வாசிக்குச் சற்று மேல் என்ற நிலைக்கு இறங்கியது. அதற்கு முந்தைய வருடமே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்து, 2022க்கு அரிசோனாவின் 122 டி.எம்.சி. பங்கில் 22ஐ வெட்டினார்கள். கால்வாய்த் திட்டத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வாங்க, நெருக்கடி வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பின்னால்தான் நிற்போம் என்று 1968லேயே எழுதிக்கொடுத்த மாநிலம் இது. கடைமடைக்காரன் பாடு எங்கேயும் ஒன்றுதான். வெட்டில் பெரும்பாடு பட்டது நகரம் அல்ல, பினால் மாவட்டத்து விவசாயிகள். தலைமையாசிரியர் அன்றைக்கு மீதி நடை முழுக்கப் பேசவில்லை.

இதில் இன்னொரு பங்குதாரர் உண்டு. சாண்ட்லருக்குத் தெற்கே காரில் கொஞ்ச தூரம் போனால் ஹீலா நதி பழங்குடி மக்களின் எல்லை தொடங்கும். அகிமெல் ஓதாம் என்ற அந்த மக்கள் 1849ல் தங்கம் தேடிக் கலிஃபோர்னியா போன கூட்டத்துக்குக் கோதுமை விற்றவர்கள். பிறகு மேலே குடியேறியவர்கள் ஹீலாவை மடக்கியதும் இவர்கள் வயல் காய்ந்தது. அடுத்த தலைமுறை பட்டினி கண்டது. நூறு வருடத்துக்கு மேல் வழக்கும் வாதமுமாகப் போராடி, 2004ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் வருடம் 6,53,500 ஏக்கர்-அடி நீருக்கு உரிமை வாங்கினார்கள். கொலராடோக் கால்வாயின் மிகப் பெரிய பங்கு இன்று அவர்கள் கையில். சாண்ட்லர் நகரம் ஐந்து பங்கு சுத்திகரித்த நீரை அவர்கள் வயலுக்குக் கொடுத்து, நான்கு பங்கு நல்ல நீரை வாங்கிக்கொள்கிறது. மகள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் அதுவும் கலந்திருக்கக்கூடும். 2024ல் அவர்கள் தங்கள் கால்வாய் ஒன்றின் மேல் சூரியத் தகடுகளைக் கூரையாகப் போட்டார்கள். நீர் ஆவியாவது குறையும், மின்சாரமும் கிடைக்கும். அமெரிக்காவில் இதுதான் முதல். குஜராத்தில் 2012லேயே போட்டுவிட்டோம் என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

2023 ஜூனில் மாநில அரசு ஒரு கணக்கு வெளியிட்டது. ஃபீனிக்ஸ் மண்டலத்தின் நிலத்தடி நீர் அடுத்த 100 வருடத்துத் தேவையில் நான்கு சதவீதம் குறைகிறது, ஆகவே நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புது மனைப் பிரிவுக்கு அனுமதி கிடையாது என்றார்கள். வெறும் நான்கு சதவீதத்துக்குக் கதவை மூடுகிறார்களே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். நாற்பது சதவீதம் போன பிறகு கமிட்டி போடுகிற இடத்திலிருந்து வந்தவன் அப்படித்தான் ஆச்சரியப்படுவான்.

இந்தத் தண்ணீர்ப் பேச்சின் சூடுதான் போன மாதம் மகள் குடியிருப்பின் சங்கக் கூட்டத்திலும் இறங்கியது. மகளுக்கு வேலை இருந்ததால் மாப்பிள்ளையோடு நான் போனேன். ஒரு அம்மாள் எழுந்து, பாலைவனத்தில் புல் வளர்ப்பது வெட்கக்கேடு, எல்லாப் புல்லையும் எடுத்துவிட்டுச் சரளைக்கல்லும் கள்ளியும் வைப்போம், புல்லை எடுப்பதற்குப் பல நகராட்சிகள் பணமே தருகின்றன என்றார். நிறையக் கைதட்டல். எனக்குக் கை பரபரத்தது. ஓட்டில்லாதவன், விசாவில் வந்தவன். மாப்பிள்ளை காதில் சொன்னேன்.

“புல்லை எடுத்தா ஏரித் தண்ணி எங்கே பாயும்னு கேளுங்க மாப்பிள்ளை. நின்னுபோச்சுன்னா உப்பு ஏறும், பாசி பிடிக்கும். வடிச்சுவிடணும்னா எங்கே வடிப்பாங்க?”

அவர் எழுந்து கேட்டார். படகுக்காரர் கம்பெனியின் பிரதிநிதி தாள்களைப் புரட்டிவிட்டு, அது உண்மைதான், பாய்ச்சல் நின்றால் ஏரியை அவ்வப்போது பகுதி வடிக்க வேண்டிவரும், சுத்திகரித்த நீரைக் கண்ட இடத்தில் விட முடியாது, தனி அனுமதி வேண்டும், சாக்கடையில் விட்டால் கட்டணம் உண்டு என்றார். அந்த அம்மாள் விடவில்லை. அப்படியென்றால் ஏரியின் அளவையே குறைக்கலாமே என்றார். அதுவும் சரியான கேள்விதான். ஏரியைப் பார்த்த வீட்டுக்காரர்கள் பத்துப்பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

கடைசியில் நுழைவாயிலில் உள்ள புல்லை மட்டும் எடுப்பது என்று முடிவாயிற்று. அந்தத் துண்டுக்குப் பாய்வது ஊதாக் குழாய் நீர் இல்லை, குடிநீர் என்று விசாரித்ததில் தெரிந்தது. பூங்காப் புல்லில் அக்டோபரில் குளிர்காலப் புல் விதைப்பதை இந்த வருடம் நிறுத்திப் பார்ப்பது, ஏரியின் உப்பை மாதாமாதம் அளந்து அடுத்த கூட்டத்தில் வைப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் சந்தா கொஞ்சம் கூடும் என்று தலைவர் சொன்னதும்தான் உண்மையான சண்டை ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு நாங்கள் கிளம்பிவிட்டோம். மறுநாள் மாப்பிள்ளைக்கு ஏழு மணி ஷிப்ட்.